அறுபதைத் தாண்டி அரசமைப்புச் சட்டம்: வண்ணாரப்பேட்டை ஞாயிறு வகுப்பு எப்படி இருக்கிறது?

செய்தித்தாளில் "அரசியல் சாசன அமர்வு", "பிரிவு 142", "அடிப்படைக் கட்டமைப்பு" என்றெல்லாம் வரும்போது பாதி புரிந்து பாதி புரியாமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிற வயதானவர்கள் நம் பகுதியில் நிறைய பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஞாயிறு மாலை அரசமைப்புச் சட்ட வகுப்பு ஒன்று நடக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். முதல் கட்டப் பாடத்தை முழுதாக முடித்துவிட்டேன். தாராளமாகப் போகலாம், நல்ல வகுப்பு. குறைகளும் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தண்டையார்பேட்டையில் வீடு. கல்லூரியில் படித்தது வரலாறு. சட்டம் படிக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது, வீட்டு நிலைமையில் முடியவில்லை. வக்கீல் ஆகும் எண்ணம் இப்போது இல்லை. என் பென்ஷன், என் ஓட்டு, என் பேரப்பிள்ளைகளின் கல்லூரி இடம் எல்லாவற்றையும் தொடுகிற வழக்குகளை, டிவி விவாதத்தில் கத்துகிறவர்கள் வழியாக இல்லாமல் நானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தேவை அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் என் மகன் பணம் கட்டி ஒரு செயலியில் படிக்கவைத்தான். பெயர் வேண்டாம். போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்காகச் செய்தது அது. எந்தப் பிரிவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய நூறு வழி சொல்லித்தருவார்கள். அந்தப் பிரிவைப் பற்றி இன்றைக்கு ஏன் சண்டை நடக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. சந்தேகம் அனுப்பினால் ஏற்கெனவே எழுதிவைத்த பதில் வரும். இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டேன்.

இந்த ஞாயிறு வகுப்பை நடத்துவது இரண்டு பேர். உயர் நீதிமன்றத்தில் வழக்காடுகிற ஒரு வக்கீலம்மா, சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு சார். கட்டணம் மாதம் 300 ரூபாய். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. மாலை மூன்றரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிக்கிறார்கள், நடுவில் ஒரு டீ. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். திருவொற்றியூர், டோல்கேட் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு லிப்ட் உள்ள ஸ்டேஷன் என்பதால் சிரமமில்லை. சிரமம் எல்லாம் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் எம்.சி. ரோட்டில் நடக்கவே முடியாது. அந்த வாரங்களிலாவது வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தோம், இன்னும் முடிவு செய்யவில்லை.

முதல் நாளே ஒரு விதி சொல்லிவிடுகிறார்கள். எந்த வழக்கானாலும் முதலில் அரசமைப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் விரலை வைத்துக்கொண்டு பின்தொடர்வார்கள். அதன் பிறகு தீர்ப்பின் முக்கியப் பத்திகள். பிறகு, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இருந்தால் அவர் சொன்னது. கடைசியில்தான் நம் கருத்து. "எனக்கு இது பிடிக்கலை" என்று யாராவது ஆரம்பித்தால் சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "எந்தப் பத்தி?" என்று கேட்பார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே 300 ரூபாய் தரலாம்.

எங்கள் குழு கலவையானது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவர். பின்னி மில்லில் கடைசி வரை இருந்து, 1996இல் மில் மூடியபோது வெளியே வந்த ஒரு ஐயா. மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அம்மா ஒருவர். அவர் படித்தது எட்டாவது வரைக்கும்தான், ஆனால் வகுப்பில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் பாதி அவருடையது.

ஆளுநர் வழக்கை எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகுப்பின் பலமும் பலவீனமும் அதிலேயே தெரிந்தது. முதலில் பிரிவு 200. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போகிறது. அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்பலாம். பண மசோதா இல்லையென்றால், மறுபரிசீலனை செய்யச் சொல்லி இயன்ற விரைவில் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் திரும்ப நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. பிரிவைப் படித்து முடித்ததும் மீன் ஏல அம்மா கேட்டார்: "அப்போ ஒண்ணுமே பண்ணாம கையில வெச்சிக்கினே இருந்தா, அது இந்த நாலுல எதுல சார் வரும்?" சார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "இதே கேள்வியோடதாம்மா தமிழ்நாடு அரசு டெல்லிக்குப் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு தேதிகளைப் பலகையில் எழுதினார். 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் திருப்பினார். பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் சம்பந்தப்பட்டவை. நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டுப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்பினார். இரண்டாவது முறை வந்த மசோதாவை அப்படி அனுப்பலாமா என்பதுதான் சண்டை. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, அனுப்பியது தவறு என்று சொல்லி, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்குப் பிரிவு 142 தரும் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடு விதித்தது. குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதம். ஏப்ரல் 11 அன்று, ஆளுநர் கையெழுத்து இல்லாமலேயே அந்தச் சட்டங்கள் அரசிதழில் வந்தன.

இந்தத் தீர்ப்பு நானூறு பக்கத்தைத் தாண்டுகிறது. அதிலிருந்து பொறுக்கியெடுத்த பத்திகளை மூன்று வாரம் வைத்துப் படித்தோம். வழக்கை வென்றது நம் மாநிலம் என்ற சந்தோஷம் அறையில் எல்லோருக்குமே இருந்தது. வக்கீலம்மா அதைக் கெடுக்கவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் எங்களிடமே வாங்கினார். சட்டத்தில் கால அளவு எழுதாத இடத்தில் நீதிமன்றம் எழுதலாமா? எழுதலாம் என்றால் நாளைக்கு வேறு எதில் எல்லாம் எழுதும்? துறைமுகத்து அண்ணன் எழுந்து, "நமக்குச் சாதகமா வந்துச்சுன்னு இந்த அதிகாரத்தை ஒத்துக்கிட்டோம்னா, பாதகமா வரும்போதும் ஒத்துக்கணுமே" என்றார். அன்று மாலை ஆறரை ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் கதை மாறியது. 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர், நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்க இடம் தரும் பிரிவு 143இன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையில் ஐந்து நீதிபதிகள் விசாரித்து நவம்பர் 20 அன்று கருத்து சொன்னார்கள். ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதுவது என்ற ஏற்பாடும் கிடையாது. அதேசமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கிற உரிமையும் ஆளுநருக்கு இல்லை. காரணமில்லாமல் காலவரையின்றித் தாமதித்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று சொல்லக் கூடாது. எந்த ஒரு நீதிபதியின் பெயரிலும் எழுதாமல் ஐவரும் ஒரே குரலில் சொன்ன கருத்து அது.

இங்கேதான் என் முதல் பெரிய குறை. நவம்பர் 20க்குப் பிறகும் வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸில் ஏப்ரல் தீர்ப்பின் கெடுக்கள்தான் நடப்புச் சட்டம் என்று இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையே படித்துவிட்டு வந்தார்கள். வாய்ப்பாடமாக வக்கீலம்மா திருத்திச் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் நடப்பு விவகாரங்களைச் சொல்லித்தருகிறோம் என்று பணம் வாங்கும் வகுப்பில், ஞாயிறு பாடத்துக்கு வராதவர் கையில் பழைய நோட்ஸ் இருப்பது சரியில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் "இந்தத் தேதி வரை சரி" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். கேட்டிருக்கிறோம்.

பாடம் என்று பார்த்தால், அந்த வாரம்தான் மொத்தத்திலும் சிறந்த வாரம். பிரிவு 143இன் கீழ் சொல்வது கருத்தா தீர்ப்பா, அது முந்தைய தீர்ப்பை அடித்துவிடுமா என்று கேட்டோம். சார் 1991 காவிரி விவகாரத்துக்குப் போனார். கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டத்தைப் பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்வியில், ஆலோசனை கேட்பதன் வழியாகத் தன் பழைய தீர்ப்பையே மேல்முறையீடு போல மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு 2012இல் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு தொடர்பான ஆலோசனையில், இரு தரப்புக்கு இடையே முடிந்த வழக்கைத் தொடாமல் சட்டம் என்ன என்பதை மட்டும் தெளிவாக்கலாம் என்றது. தபால் ஆபீஸில் பதிவுத் தபாலின் உறையைத் திருப்பி எந்தெந்த ஊர் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்ப்போம், அதுபோல ஒரு தீர்ப்பு எந்தெந்தப் பழைய தீர்ப்பின் வழியாக வந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. இப்போது எந்தத் தீர்ப்பு வந்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

இட ஒதுக்கீடு பகுதி நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போனது. சார் அதைச் சென்னையிலிருந்தே தொடங்கினார். அரசமைப்புச் சட்டம் வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெரிய வழக்குகளின் பெயரைப் பாருங்கள் என்றார். ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன், வி.ஜி. ராவ். நான்கிலும் ஒரு தரப்பு அன்றைய சென்னை மாநில அரசு. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உயர் நீதிமன்றம் சில கிலோமீட்டர் தூரம்தான். இந்த நாட்டின் அடிப்படை உரிமைச் சட்டத்தின் முதல் அத்தியாயம் நம் ஊர் வழக்குகளால் எழுதப்பட்டது என்பதை ஓய்வு பெற்ற பிறகு தெரிந்துகொண்டேனே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

செண்பகம் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையின் கணக்கையே பலகையில் போட்டார்கள். 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவே இல்லை என்பதைத் தீர்ப்பே சொல்கிறது. அந்த இடத்தைத் தலைமையாசிரியை அக்கா இரண்டு முறை படிக்கச் சொன்னார். 1951 ஏப்ரலில் அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஜூனிலேயே முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிற பிரிவு 15(4) சேர்ந்தது. அங்கிருந்து 1992 இந்திரா சாஹ்னி வழக்கின் 50 சதவீத உச்சவரம்பு, அதைத் தாண்டிய நம் 69 சதவீதம், அதைக் காப்பாற்ற 1994இல் 76ஆவது திருத்தம் வழியாக, நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கிற ஒன்பதாவது அட்டவணை, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்தவற்றையும் திருத்தத்தாலும் மாற்ற முடியாத அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் சோதிக்கலாம் என்று 2007இல் வந்த கோயலோ தீர்ப்பு, 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைத்த பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீதம் என்று வரிசையாக வந்தோம். பத்து சதவீதம் வந்தபோது 50 என்ற வரம்பு என்ன ஆயிற்று என்று கேட்காதவர் யாருமில்லை. அந்தக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் திருப்தியாக இல்லை. மாறுபட்ட தீர்ப்புதான் சரியென்று படுகிறது. எந்தப் பத்தி என்று கேட்டால் இப்போது என்னால் காட்ட முடியும்.

அதற்கடுத்த வாரம் பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், மாநிலங்கள் உட்பிரிவு செய்யலாம் என்றது. அப்படிப் பிரிக்கக் கூடாது என்ற 2004 சின்னையா தீர்ப்பு மாறியது. நம் மாநிலத்தில் 2009லேயே 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று சட்டம் வந்துவிட்டது. எங்களோடு படிக்கிற ஒருவர் மாநகராட்சித் தூய்மைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அருந்ததியர். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவர். அன்று நீதிபதி பேலா திரிவேதியின் மாறுபட்ட தீர்ப்பைப் படிக்கச் சொல்லி வக்கீலம்மா அவரிடமே கொடுத்தார். தனக்கு எதிரான வாதத்தை, வரி வரியாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிரிவு 341இன்படி குடியரசுத் தலைவர் வெளியிடும் பட்டியலை நாடாளுமன்றம் மட்டுமே மாற்றலாம், மாநிலம் அதற்குள் கைவைக்கக் கூடாது என்பது அந்த வாதம். படித்து முடித்துத் தாளை மடித்துவிட்டு, "இவங்க சொல்றது புரியுது மேடம். ஆனா பட்டியல்ல இருக்கிறது வேற, பட்டியல்ல இருந்தும் எங்க பசங்களுக்கு ஆபீஸ் வேலை வராம போனது வேற" என்றார். பட்டியலில் ஒருவரைச் சேர்ப்பதற்கும் அதன் பயனைப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பெரும்பான்மைத் தீர்ப்பும் பேசுகிறது. அதை அவர் இன்னும் படித்திருக்கவில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்ததும் ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியதும் நம் எல்லோருக்கும் தெரியும். கூடிப் போராடும் உரிமை எது வரை, நடைபாதையை அடைக்காதே என்று நீதிமன்றம் சொல்லும் உரிமை எது வரை என்று ஒரு பாடம் வைத்திருந்தால் இந்த வகுப்புக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும். பாடத்திட்டத்தில் அது இல்லை. இருக்க வேண்டும்.

வீடு இடிப்புப் பாடம் சின்னதுதான், ஆனால் மனதில் நின்றுவிட்டது. மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய 1985 ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னார்கள். அதே தீர்ப்பு நடைபாதையில் குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளை அதிகாரிகள் இடித்தது பற்றிய புல்டோசர் வழக்கில், 2024 நவம்பர் 13 அன்று 15 நாள் நோட்டீஸ் தராமல் இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது கால்வாய் ஓரத்து மக்களுக்கு விடிவு வந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். தீர்ப்பைக் கையில் வைத்துப் படித்தால், சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றில் அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கு இந்தக் கட்டளைகள் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தின் பெரியவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். தலைப்புச் செய்தி இந்த விதிவிலக்கைச் சொல்லவே இல்லை. இந்த வகுப்பு ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

வயதானவர்களுக்கு நேராகப் படுகிற பாடம் ஆதார். 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமிக்கு வயது 86 என்று சொன்னதும் அறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், 2018இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் நிலைத்தது. ரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாத விரல்கள் எங்கள் வகுப்பில் நிறைய. மீன் அம்மாவின் கட்டைவிரல் ரேஷன் கடையில் பதிந்ததே இல்லை. ரேகை சேரவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் பயன் மறுக்கப்படாது என்று அட்டர்னி ஜெனரல் தந்த உறுதியைப் பெரும்பான்மைத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறார் அவர்.

குறைகளுக்கு வருகிறேன். இரண்டு மாடி ஏற வேண்டும், கைப்பிடி ஒரு பக்கம்தான், கழிப்பறை கீழ்த்தளத்தில். ஐம்பத்தைந்துக்கு மேல் என்று விளம்பரம் செய்துவிட்டு இப்படி இடம் பார்த்திருக்கக் கூடாது. முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேர் இதனாலேயே நின்றுவிட்டார்கள். நோட்ஸின் எழுத்து பொடி, கண்புரை அறுவை செய்தவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். தீர்ப்புப் பத்திகளை ஆங்கிலத்தில் கொடுத்து வாயால் தமிழில் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்திலேயே சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பையும் மத்திய சட்டத் துறை தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இருப்பதையாவது பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரலாமே.

மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்குத் தொகுதிகளைத் திரும்பப் பிரிக்கிற தொகுதி மறுவரையறையை அரை மணி நேரத்தில் முடித்தது எனக்கு ஆறவே இல்லை. 1962 தேர்தலில் நமக்கு 41 மக்களவைத் தொகுதி, 1967இல் 39. 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பை வைத்து எண்ணிக்கையை நிறுத்தியது, 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடத்தை இழப்பதா, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்ற கொள்கையை எத்தனை காலம் தள்ளிவைப்பது, இரண்டும் கனமான கேள்விகள். மறுவரையறை பற்றிய பிரிவு 82ஐப் படித்து முடிக்கும்போதே நேரமாகிவிட்டது.

அதற்கு நேர்மாறாக, வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது செய்தது பாராட்டத்தக்கது. 2025 நவம்பர் 4 அன்று படிவம் வரத் தொடங்கியதும் அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு, பிரிவு 324 தேர்தல் ஆணையத்துக்குத் தருகிற அதிகாரம், பிரிவு 326 நமக்குத் தருகிற வாக்குரிமை, பட்டியலைச் சிறப்பாகத் திருத்துவது பற்றிய 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 21(3) ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் எடுத்தார்கள். டீ நேரத்தில் படிவத்தையும் நிரப்பிக்கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் இரு தரப்பும் வைத்த வாதங்களை அதன் பிறகு செய்தியில் பார்த்தபோது ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் காலூன்றி நிற்கிறது என்று தெரிந்தது.

வீட்டில் தனியாகப் படிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். 2022 செப்டம்பர் 27இலிருந்து, ஐந்து நீதிபதிகளோ அதற்கு மேலோ உட்காருகிற அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை நேரலையில் பார்க்கலாம். நானும் பார்க்கிறேன். ஆனால் ஒரு வக்கீல் "பத்தி 58" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது நிறுத்திக் கேட்க அங்கே ஆளில்லை. இங்கே எத்தனை முறை கேட்டாலும் வக்கீலம்மா முகம் சுளித்ததில்லை. "அம்மா, உங்க சந்தேகம் தப்பில்லை, நீதிபதிங்களுக்கே இதுல சந்தேகம் இருக்கு" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்.

அடுத்த கட்டத்தில் முப்பது நாள் காவலில் இருந்தால் அமைச்சர் பதவி போகும் என்கிற 130ஆவது திருத்த மசோதா, ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129ஆவது திருத்த மசோதா, வக்ஃப் திருத்தச் சட்டம் மூன்றும் இருக்கின்றன. நான் பணம் கட்டிவிட்டேன். சேர நினைப்பவர்கள் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து பார்க்கலாம், முதல் வகுப்புக்குப் பணம் வாங்குவதில்லை. மாடி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் இடம் பார்க்கச் சொல்லி நாங்கள் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், உங்கள் பெயரும் சேர்ந்தால் சீக்கிரம் நடக்கும்.